எந்த நேரத்தில் கைவைக்கிறது விளையாட்டு?

தண்டவாளத்தில் ஓடும் பையன், அவனைத் துரத்தும் காவலாளி, காவலாளியோடு ஓடிவரும் நாய். 'சப்வே சர்ஃபர்ஸ்' தெரியாத பிள்ளை யாழ்ப்பாணத்திலும் இல்லை, மதுரையிலும் இல்லை, ரொறன்ரோவிலும் இல்லை. 2012இல் வெளிவந்த அந்த கேமைச் செய்தவை டென்மார்க்கின் இரண்டு நிறுவனங்கள்: கோபன்ஹேகனில் இருக்கும் சைபோவும் ஓர்ஹூஸ் நகரத்தின் கிலூவும். கூகுள் பிளேயில் நூறு கோடி தடவை இறக்கப்பட்ட முதல் கேம் என்ற பெயரை 2018இல் அது பெற்றது. உலகமெங்கும் கைத்தொலைபேசி கேம்களைச் செய்யப் பயன்படும் 'யூனிட்டி' மென்பொருளும் 2004இல் கோபன்ஹேகனில் தொடங்கியதுதான். அதற்கு வெகு முன்னே, 1932இல், பில்லுண்ட் என்ற சிற்றூரின் தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் மரப் பொம்மை செய்யத் தொடங்கினார். அந்தத் தச்சுப் பட்டறைதான் லெகோ ஆனது. சுமார் 60 இலட்சம் பேர் வாழும் ஒரு சிறிய நாடு, உலகத்துப் பிள்ளைகளின் கைகளை இவ்வளவு காலமாக நிரப்பி வந்திருக்கிறது.

1980களில் அகதியாக வந்து இந்த டென்மார்க்கில் இறங்கினேன். யூலாந்துப் பகுதியில் வேலை செய்து, பிள்ளைகளை வளர்த்து, இப்போது பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேன். ஹேர்னிங் சித்திவிநாயகர் கோயிலிலோ பிராண்டே அபிராமி அம்மன் திருவிழாவிலோ என் வயதுக்காரர் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. "பெடியன் நாள் முழுக்க கேம்தான் அடிக்கிறான்" என்பார் ஒருவர். கண் கெட்டுவிடும், மூளை மழுங்கிவிடும், படிப்புப் போய்விடும் என்று மற்றவர்கள் தொடர்வார்கள். இளையவர்களோ கேம் விளையாடினால் மூளை கூர்மையாகும் என்று ஆய்வுகளைக் காட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. அந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பிடித்தால்தான் ஒரு குடும்பம் நல்ல முடிவெடுக்க முடியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் கண்டடைந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கேம் பிள்ளைக்கு நல்லதா கெட்டதா என்று திரையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த நாளில் அது எந்த நேரத்தில் கைவைத்தது என்று பார்க்க வேண்டும். வேறொன்றும் நடக்காத சும்மா நேரத்தை எடுத்துக்கொண்ட கேம் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை, நன்மையும் செய்யலாம். தூக்கத்தை, ஓட்டத்தை, ஆட்களோடு இருக்கும் பொழுதை எடுத்துக்கொண்ட கேம், எவ்வளவு அறிவான கேமாக இருந்தாலும், பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொண்டுதான் போகிறது.

நாங்கள் வளர்ந்த ஊரில் இந்தக் கேள்வியே எழவில்லை. கிளித்தட்டு மறித்தால் காலும் மூச்சும் கண்ணும் ஒன்றாக வேலை செய்தன. யார் எந்தக் கோட்டில் நிற்கிறான், எந்த இடைவெளியில் புகலாம் என்று கணக்குப் போட்டபடியே ஓடினோம். கிட்டிப்புள் அடித்தாலும் அப்படித்தான். பெரியவர்கள் திண்ணையில் 304 என்ற கடதாசி ஆட்டம் ஆடினார்கள். எந்தக் கடதாசி இறங்கிவிட்டது, எவரிடம் துரும்பு இருக்கிறது என்று நினைவில் வைத்து ஆடிய அந்த மனிதர்களுக்கு அதைவிட நல்ல மூளைப் பயிற்சி தேவைப்படவில்லை. உடல், புத்தி, கூட்டம் மூன்றும் ஒரே மாலையில் கிடைத்தன. வீடியோ கேம் அந்த மூன்றையும் பிரித்துவிட்டது. ஒரு கேமில் புத்தி இருக்கும், உடல் இராது. இன்னொன்றில் கூட்டம் இருக்கும், ஆனால் அது காதில் மாட்டிய ஹெட்செட்டில் மட்டும் இருக்கும். ஆகவே எது கிடைக்கிறது, எது விடுபடுகிறது என்று பார்த்து, விடுபட்டதை வேறு வழியில் கொடுப்பது பெரியவர்களின் வேலையாகிவிட்டது.

மூளைக்குக் கிடைப்பது

முதலில் நன்மையைப் பேசுவோம். 2003இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷோன் கிரீனும் டாஃப்னி பவெலியேரும் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கேம் பழக்கமில்லாதவர்களைப் பத்து நாட்கள், நாளுக்கு ஒரு மணி நேரம், வேகமான போர் கேம் ஒன்றை ஆடச் செய்தார்கள். வேறு சிலரை அதே அளவு நேரம், துண்டுகளை அடுக்கும் டெட்ரிஸ் கேமை ஆடச் செய்தார்கள். போர் கேம் ஆடியவர்களின் கண் கவனம் மற்றவர்களைவிடக் கூடியது: ஒரே பார்வையில் பல பொருட்களைக் கவனிக்கவும், ஓரத்தில் தோன்றுவதைச் சட்டென்று பிடிக்கவும், ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக வருவதைத் தவறவிடாமல் பார்க்கவும் அவர்களால் முடிந்தது.

2014இல் பெர்லினில் சிமோனே கூனும் அவரது குழுவும் பெரியவர்களுக்கு 'சூப்பர் மாரியோ 64' கேமைக் கொடுத்து, இரண்டு மாதம், நாளுக்கு 30 நிமிடம் ஆடச் சொன்னார்கள். அதற்கு முன்னும் பின்னும் மூளையைப் படம் பிடித்தார்கள். வழி கண்டுபிடிக்கவும் நினைவில் வைக்கவும் உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதியிலும், திட்டமிடலுக்கு உதவும் முன்மூளையிலும், கை அசைவைச் சீர்செய்யும் சிறுமூளையிலும் சாம்பல் நிறத் திசு கூடியிருந்தது. முப்பரிமாண உலகத்தில் வழி தேடி அலையும் கேம் அது. தேடுவதற்குத் தேவையான பகுதி வளர்ந்தது.

ஆனால் எல்லா கேமுக்கும் இந்தப் பலன் இல்லை. 2017இல் மொன்றியலில் கிரெகரி வெஸ்ட் குழுவினர் செய்த ஆய்வில், சுடும் கேம்களை ஆடியவர்களில் ஒரு பகுதியினருக்கு அதே ஹிப்போகாம்பஸில் திசு குறைந்திருந்தது. இடத்தை மனத்தில் வரைந்து வழி கண்டவர்களுக்குக் கூடியது. பழக்கத்தின் தடத்தில், யோசிக்காமல் வலம் இடம் திரும்பியவர்களுக்குக் குறைந்தது. கேம் எது என்பதோடு, அதை ஆடுகிறவர் எப்படி ஆடுகிறார் என்பதும் சேர்ந்துதான் பலனைத் தீர்மானிக்கிறது.

வயதானவர்களுக்கும் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. கலிபோர்னியாவில் அடம் கசாலியின் குழு, காரோட்டும் கேம் ஒன்றை இதற்கென்றே செய்தது. 60 முதல் 85 வயது வரையானவர்கள் வீட்டிலிருந்து அதைப் பயிற்சி செய்தபோது, ஒரே நேரத்தில் இரண்டு காரியத்தைக் கவனிக்கும் திறன் கூடியது. ஆறு மாதம் கழித்தும் அந்தப் பலன் நின்றது. 2013இல் அதுவும் 'நேச்சர்' இதழில் வந்தது. தொலைக்காட்சித் தொடருக்கு முன்னால் மாலையைக் கழிக்கும் என் வயதுக்காரர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இந்த ஆய்வுகளை எடுத்துக்கொண்டு "கேம் ஆடினால் கணிதத்தில் புள்ளி கூடும்" என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். எந்தத் திறனைப் பழகுகிறோமோ அந்தத் திறனும் அதை ஒட்டிய சிலவும் வளர்கின்றன; பழகாத ஒன்று தானாக வளர்வதில்லை. கேம் கண்ணுக்கும் கைக்கும் பயிற்சி கொடுக்கலாம். புத்தகம் கொடுப்பதைப் புத்தகம்தான் கொடுக்கும்.

இன்னொரு ஆய்வை நம் மக்கள் அறிய வேண்டும், ஏனெனில் போரின் நினைவு நம் வீடுகளில் இன்னும் குடியிருக்கிறது. உளவியலாளர் எமிலி ஹோம்ஸும் அவருடன் வேலை செய்தவர்களும், பயங்கரமான அனுபவத்துக்குப் பிறகு திரும்பத் திரும்ப மனத்தில் வந்து மோதும் காட்சிகளை ஆராய்ந்தார்கள். வாகன விபத்துக்குள்ளாகி ஒக்ஸ்ஃபோர்டில் உள்ள ஜோன் ரட்கிளிஃப் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்த 71 பேர் ஓர் ஆய்வில் பங்கெடுத்தார்கள். அதன் முடிவு 2017இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர், விபத்து நடந்த ஆறு மணி நேரத்துக்குள், அதைச் சிறிது நினைவுகூர்ந்துவிட்டு டெட்ரிஸ் ஆடினார்கள். அடுத்த ஒரு வாரத்தில் அவர்களுக்கு அந்தக் காட்சிகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வந்தன. வண்ணத் துண்டுகளைத் திருப்பி அடுக்கும் வேலை, காட்சிகளைப் பதிக்கும் அதே மன இடத்தைப் பிடித்துக்கொள்வதால் கொடிய காட்சி ஆழமாகப் பதிவதில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம். பல ஆண்டு பழைய காயத்தை ஒரு கேம் ஆற்றிவிடும் என்று இதைக் கொண்டு சொல்லக் கூடாது. அதற்கு மருத்துவரும் உறவும் வேண்டும். ஆனால் விளையாட்டு என்றாலே வீண் வேலை என்று ஒதுக்குவதும் சரியில்லை என்று இது காட்டுகிறது.

உடலுக்குக் கிடைப்பது

உடலைப் பொறுத்தவரை டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. மார்ட்டின் யோர்கென்சன் என்ற டென்மார்க் ஆய்வாளரும் அவரது குழுவினரும், சராசரியாக 75 வயதான 58 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு 10 வாரம், வாரத்துக்கு இரண்டு தடவை, நின்டெண்டோ வீ கருவியின் பலகையில் ஏறி நின்று கேம் ஆடியது. உடலை இந்தப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்து, காலை ஊன்றி ஆடும் கேம்கள் அவை. மற்றக் குழுவுக்குச் சப்பாத்துக்குள் வைக்கும் மென்தகடு கொடுத்தார்கள். முடிவு 2013இல் வெளிவந்தது. கேம் ஆடியவர்களின் கால் தசைப் பலம் மற்றவர்களைவிடச் சுமார் 18 சதவீதம் மேலே போனது. கதிரையிலிருந்து எழும்புவது போன்ற அன்றாட அசைவுகளும் எளிதாயின. காலைச் சட்டென்று ஊன்றும் வேகமும் கூடியது. இடறும்போது விழாமல் தப்புவது இந்த வேகத்தால்தான் என்பதை, பனிக்காலத்தில் வழுக்கும் நடைபாதையில் நடக்கும் எந்த முதியவரும் அறிவார்.

அசையாமல் நிற்கும்போது இருக்கும் சமநிலையில் மாற்றம் வரவில்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். இருந்தாலும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த முதியவர்கள் மனமுவந்து பயிற்சிக்கு வந்தார்கள். உடற்பயிற்சி செய் என்று மருத்துவர் சொன்னால் இரண்டு கிழமையில் விட்டுவிடுகிற நாங்கள், ஒரு ஆட்டம் என்றால் அடுத்த கிழமையும் வருவோம். என் பேரன் வீட்டில் இப்படியொரு ஆட்டத்தை எனக்குப் பழக்கினான். "அப்பப்பா, இடது காலில பாரத்தைப் போடுங்கோ, இன்னும் கொஞ்சம் குனியுங்கோ" என்று அவன் ஆசிரியராக நின்றான். வேர்த்துப் போகும் வரை ஆடினோம். அந்த மாலையில் அவனுக்கும் எனக்கும் தமிழில் பேச நிறைய இருந்தது.

ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் ஆடும் கேம் நின்று ஆடும் கேம் இல்லை. கதிரையில் அமர்ந்து, கழுத்தை முன்னே நீட்டி, மணிக்கட்டை ஊன்றி ஆடுவதுதான். அதில் உடலுக்குக் கிடைப்பது ஒன்றும் இல்லை. முதுகுக்கும் கண்ணுக்கும் நட்டமும் உண்டு. 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 60 நிமிடம் கேமுக்குள் கிடைக்காது என்பதால், அதை வெளியே தேடிக் கொடுத்தாக வேண்டும்.

உலகத்தை வென்ற பெடியன்கள்

கேம் ஆடுகிறவர்களுக்கு உடல் தேவையில்லை என்று நினைப்பவர்கள் 'அஸ்ட்ராலிஸ்' அணியின் கதையைக் கேட்க வேண்டும். 'கவுண்டர் ஸ்ட்ரைக்' என்ற கேமில் உலகத்தின் உயர்ந்த போட்டியை மேஜர் என்பார்கள். டென்மார்க்கின் அஸ்ட்ராலிஸ் 2017 தொடக்கத்தில் அட்லாண்டாவில் வென்றது. பிறகு 2018இல் லண்டன், 2019இல் கட்டோவிச்சே, அதே ஆண்டில் பெர்லின் என்று மூன்று மேஜர்களைத் தொடர்ச்சியாக வென்றது. 2019 டிசம்பரில் அந்த அணியின் நிறுவனம் கோபன்ஹேகன் பங்குச் சந்தையில் ஏறியது. அதே ஆண்டு டென்மார்க் அரசு இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் கேம் போட்டிகளுக்கென்று தேசியத் திட்டம் ஒன்றை வெளியிட்டது. 2024 மார்ச்சில் கோபன்ஹேகனின் ரோயல் அரீனாவிலேயே மேஜர் போட்டி நடந்தது.

அஸ்ட்ராலிஸ் தொடக்கத்தில் ஒரு பெயர் கேட்டுத் தவித்தது. ஆட்டத் திறமை நிறைய இருந்தும், முக்கியமான கட்டத்தில் பதற்றத்தில் தோற்றுவிடுகிற அணி என்பதே அந்தப் பெயர். 2016இல் பின்லாந்தைச் சேர்ந்த விளையாட்டு உளவியலாளர் மியா ஸ்டெல்பெர்க்கை அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். தூக்கம், உணவு, உடற்பயிற்சி, ஒருவரோடொருவர் பேசும் விதம் எல்லாம் ஒழுங்குக்கு வந்தன. டென்மார்க்கின் புகழ்பெற்ற ஹாண்ட்போல் கோல்காப்பாளர் காஸ்பர் விட் பிறகு அணியின் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றார். மைதானத்தில் வளர்ந்த ஒருவரின் ஒழுக்கம், கணினிக்கு முன்னால் அமரும் இளைஞர்களுக்கும் தேவை என்று அந்த அணி கண்டுகொண்டது. "விடியவிடிய ஆடினால்தான் சாம்பியன் ஆகலாம்" என்று உங்கள் வீட்டுப் பிள்ளை சொன்னால், உலகத்தை நாலு தடவை வென்றவர்கள் நேரத்துக்குத் தூங்கி, உடற்பயிற்சி செய்து வென்றார்கள் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

அவர்களும் களைத்துப் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020 மே மாதத்தில் அணித் தலைவர் லூகாஸ் ரொசாண்டர் மன அழுத்தத்தாலும் களைப்பாலும் ஓய்வெடுத்து விலகி நின்றார். சில நாட்களில் அவரது தோழர் ஆந்திரெயாஸ் ஹொய்ஸ்லெத்தும் அப்படியே விலகினார். இருவரும் அதை வெளிப்படையாகச் சொன்னார்கள். அணியும் இடம் கொடுத்தது. விளையாட்டே வேலையாகி, ஓய்வு என்று ஒன்று இல்லாமல் போனால், எவ்வளவு பயிற்சி பெற்ற மனமும் தாங்காது. பதினான்கு வயதுப் பிள்ளையின் மனம் எப்படித் தாங்கும்?

திரை அணைந்த வீடுகள்

திரை எந்த நேரத்தில் கைவைக்கிறது என்பதை அளந்து காட்டியதும் இந்த நாடுதான். தென் டென்மார்க் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 89 குடும்பங்களைச் சேர்த்தார்கள். அவற்றில் 181 பிள்ளைகள். ஒரு பகுதிக் குடும்பங்கள் இரண்டு வாரம் கைத்தொலைபேசியையும் டேப்லெட்டையும் ஒப்படைத்துவிட்டு, பொழுதுபோக்குக்காகத் திரை பார்ப்பதை ஒருவருக்கு வாரத்துக்கு 3 மணி நேரத்துக்குள் அடக்கிக்கொண்டன. தாய் தகப்பனுக்கும் அதே விதிதான். மற்றக் குடும்பங்கள் வழக்கம்போல் இருந்தன. உடலில் கட்டிய சிறு கருவி அசைவை அளந்தது.

2022இல் முடிவு வந்தது. திரையைக் குறைத்த வீட்டுப் பிள்ளைகள், மற்றப் பிள்ளைகளைவிட நாளுக்குச் சுமார் 45 நிமிடம் அதிகமாக ஓடியாடினார்கள். அவர்களை ஓடு என்று எவரும் சொல்லவில்லை. எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை. திரை விட்டுப்போன இடத்தில் கால்கள் தாமாக நுழைந்தன. 2024இல் அதே ஆய்வின் அடுத்த பகுதி வந்தது: அந்தப் பிள்ளைகளின் மனச் சோர்வும் சகபிள்ளைகளோடான சிக்கல்களும் குறைந்து, மற்றவர்க்கு உதவும் குணம் கூடியிருந்தது. தூக்கத்தில் மட்டும் அந்த இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியவில்லை.

இந்த ஆய்வு கேமை மட்டும் நிறுத்திப் பார்க்கவில்லை. தொலைக்காட்சி, யூடியூப், சமூக வலைத்தளம் எல்லாம் அதில் அடங்கும். ஆகவே கேமைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் ஒன்று தெளிவாகிறது. பிள்ளைக்கு ஓட விருப்பமில்லை என்று நாங்கள் நினைப்பது பிழை. விருப்பம் இருக்கிறது; அதற்கு நேரம்தான் இல்லை.

டென்மார்க் இதைச் சட்டம் வரைக்கும் கொண்டு போயிருக்கிறது. 2025 பெப்ரவரியில், பிள்ளைகளின் நலன் பற்றி ஆராய அரசு அமைத்த ஆணையம், 13 வயதுக்கு முன் பிள்ளைக்குச் சொந்தமாக ஸ்மார்ட்ஃபோன் கொடுக்க வேண்டாம் என்றும், பாடசாலைகளையும் பள்ளிக்குப் பிந்திய பராமரிப்பு நிலையங்களையும் கைத்தொலைபேசி இல்லாத இடங்களாக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பாடசாலைகளைப் பற்றிய பரிந்துரையை அரசும் ஏற்று, சட்டமாக்கப் போவதாக அறிவித்தது. கேம்களை உலகுக்கு விற்கும் நாடே தன் பிள்ளைகளின் பகல் நேரத்துக்கு வேலி போடுகிறது. ஒரு பொருளை நன்றாக அறிந்தவர்கள் அதை எங்கே வைக்க வேண்டும் என்றும் அறிந்திருக்கிறார்கள் என்றே இதைப் பார்க்கிறேன்.

எல்லையைத் தாண்டினால் அது நோயாகவும் ஆகும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேம் அடிமைத்தனமும் இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முதலாவதாகிவிடுவது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் வழக்கமாக ஓராண்டு நீடித்தால்தான் மருத்துவர்கள் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். ஒரு மாலை அதிகமாக ஆடிய பிள்ளையை அடிமை என்று அழைப்பது பெரிய அநியாயம். பல மாதம் பாடசாலைக்குப் போகாமல் அறையை மூடிக்கொண்ட பிள்ளையை "வயதுக் கோளாறு" என்று விட்டுவிடுவது அதைவிடப் பெரிய அநியாயம். அந்த வீட்டார் வெட்கப்படாமல் குடும்ப மருத்துவரிடம் போக வேண்டும். இணையத்தில் பணம் கட்டி ஆடும் ரம்மி, பந்தயம் போன்றவை சூதாட்டம். அவற்றை விளையாட்டு என்ற கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. இந்தியாவில் 2025 ஓகஸ்டில் அவற்றுக்கு எதிராகச் சட்டம் வந்ததற்குக் காரணம், அவை அழித்த குடும்பங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

இனி, பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு ஒரு பெரியவனாக நான் சொல்ல விரும்புவது.

ஆட்டத்தின் நடுவில் வயரைப் பிடுங்காதீர்கள். கவுண்டர் ஸ்ட்ரைக் போன்ற கேமில் ஓர் ஆட்டம் நாற்பது நிமிடத்துக்கும் மேலே போகலாம். இடையில் நிறுத்திவைக்க முடியாது. நடுவில் எழும்பினால், கூட ஆடும் நாலு பேரைக் கைவிட்டவன் ஆகிறான். அதனால்தான் பிள்ளை கத்துகிறான். அந்தக் கோபத்தில் தோழர்மேல் உள்ள கடமையும் இருக்கிறது. ஆட்டம் தொடங்கும் முன் பேசுங்கள். "சாப்பாட்டுக்கு முன் ஓர் ஆட்டம், அதோடு சரி" என்று முதலே சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் கேட்பார்கள். சொன்ன நேரத்தை நீங்களும் காக்க வேண்டும்.

கணினியைப் பூட்டிய அறையிலிருந்து கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். யாரோடு பேசுகிறான், எந்தச் சொல்லைக் கேட்கிறான், எப்போது முகம் சுருங்குகிறது என்று தானாகவே தெரியவரும். இரவில் எந்தக் கருவியும் படுக்கையறைக்குள் போகக் கூடாது என்பதை வீட்டு விதியாக்குங்கள். அந்த விதி உங்கள் கைத்தொலைபேசிக்கும் பொருந்த வேண்டும். தகப்பன் படுக்கையில் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டு மகனுக்குப் புத்தி சொன்னால் அந்தப் புத்தி ஒட்டாது. தென் டென்மார்க் பல்கலைக்கழகத்தின் அந்த ஆய்விலும் பெரியவர்கள் சேர்ந்தே திரையை ஒதுக்கி வைத்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

புள்ளியை மட்டும் வைத்துப் பிள்ளையை அளப்பது நம் சமூகத்தின் பழைய பழக்கம். கணிதத்துக்கும் டேனிஷ் மொழிக்கும் ரியூசன், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை மிருதங்கம் அல்லது பரதம் என்று நேரத்தை நிரப்பிவிட்டு, மிச்சமுள்ள ஒரு மணி நேரத்தில் கேம் ஆடினால் குற்றம் சொல்கிறோம். அந்தப் பிள்ளைக்கு அது ஒன்றுதான் தன் விருப்பப்படி கிடைக்கும் நேரம். டிசம்பரில் பிற்பகல் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் நாடு இது. தெருவில் விளையாட எவரும் இல்லை. தோழர்கள் கேமுக்குள்தான் இருக்கிறார்கள். அங்கே போக வேண்டாம் என்று மறித்தால், வேறு எங்கே போவது என்று காட்டும் பொறுப்பும் மறிக்கிறவருக்கு உண்டு.

பேரப்பிள்ளை உள்ள வீட்டுப் பெரியவர்களுக்குத் தனியாக ஒரு சொல். பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, என்ன ஆடுகிறாய் என்று கேளுங்கள். புரியாவிட்டால் இன்னொரு தடவை கேளுங்கள். தமிழைத் தயங்கிப் பேசும் பிள்ளைகூட, தனக்குத் தெரிந்த ஒன்றை விளக்கும்போது சொற்களைத் தேடிப் பிடித்துப் பேசுவான். பிறகு 304 கட்டை எடுத்து அவனுக்குப் பழக்குங்கள். துரும்பு கேட்பதும் கை எண்ணுவதும் அவனுக்கு மிக விரைவில் பிடிபடும், ஏனென்றால் கணக்கிட்டு ஆடப் பழகிய மூளை அது.

ஒரு பிள்ளையின் கேம் பழக்கம் சரியாக இருக்கிறதா என்று அறிய நான் பார்ப்பது சில காரியங்கள்தான். காலையில் தானாக எழும்புகிறானா? அந்த வாரத்தில் வேர்க்க ஓடினானா? நேரில் ஒரு தோழனைச் சந்தித்தானா? சாப்பாட்டு மேசையில் பேசுகிறானா? இவற்றுக்கெல்லாம் ஆம் என்றால், அவன் எத்தனை மணி நேரம் ஆடினான் என்று நிமிடக் கணக்குப் பார்த்துச் சண்டை போடத் தேவையில்லை. ஒன்றுக்கு இல்லை என்று வந்தால், அந்த ஒன்றுக்கு நேரத்தைத் திருப்பி எடுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்றுக்கு இல்லை என்று வந்தால் கேமைப் பற்றிப் பேசுவதை விட்டு, பிள்ளைக்கு என்ன துயரம் என்று கேட்க வேண்டும். துயரம் முந்தி வந்திருக்கலாம். கேம் அதிலிருந்து ஒளிய அவன் கண்ட இடமாக இருக்கலாம்.

கடைசியாக, நம் சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். டேனிஷ் மக்கள் எதையும் சங்கமாகக் கூடிச் செய்கிறவர்கள். ஊர் விளையாட்டுக் கழகங்கள் பல இ-ஸ்போர்ட்ஸையும் சேர்த்துக்கொண்டுவிட்டன. அங்கே பிள்ளைகள் பயிற்சியாளரோடு, ஒரே அறையில், முகம் பார்த்து ஆடுகிறார்கள். இந்த நாட்டுச் சட்டப்படி, பிள்ளைகளுக்காக நடக்கும் சங்க வேலைகளுக்கு நகராட்சிகள் மண்டபம் கொடுக்க வேண்டும். பொங்கலுக்கும் மாவீரர் நாளுக்கும் மண்டபம் எடுக்கத் தெரிந்த நாம், மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகளுக்காக எடுப்போம். ஒரு பக்கம் கணினிகளை வரிசையாக வையுங்கள். நடுவில் வெள்ளைக் கோடு போட்டுக் கிளித்தட்டு மறிக்க இடம் விடுங்கள். பெரியவர்களுக்கு ஒரு மேசையும் ஒரு கடதாசிக் கட்டும் வையுங்கள். ஓர் ஆட்டம் கணினியில் முடிந்தால் ஓர் ஆட்டம் கோட்டில் என்று முறை வையுங்கள். திட்டம் போட இளைஞர்களையே முன்னுக்கு விடுங்கள். எந்த கேம் நல்லது, எது வேண்டாம் என்று அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். உங்கள் ஊர்ச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டு வாருங்கள்.